முள்ளங்கி மண்டியிடவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் முள்ளங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அதுதான் நான் செய்த குற்றம்.

கொரியாவில் செல்போனில் படிக்கிற வாராந்தரச் சித்திரக்கதைகளை வரைகிற எங்களில் யாரும் சொந்த முகத்தை வாசகருக்குக் காட்டுவதில்லை. ஒருத்தர் தன்னைப் பூனையாக வரைவார், இன்னொருத்தர் அவித்த முட்டையாக. நான் முள்ளங்கி. மூக்குக்கண்ணாடி போட்ட, இரண்டு கால் முளைத்த வெள்ளை முள்ளங்கி. ஒரு வாரம் கதை வராது என்றால், கதை வரவேண்டிய இடத்தில் ஓர் அறிவிப்புப் படம் போடவேண்டும். அதில் முள்ளங்கி மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து, கண்ணீர் குளமாகத் தேங்க, "மன்னித்துவிடுங்கள்" என்று கதறவேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் எல்லோரும் செய்கிறோம். ஏழு வருடத்தில் நான் பதினொரு முறை செய்திருக்கிறேன். அப்பா இறந்தபோதுகூட. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து அஞ்சலி மண்டபத்தில், கறுப்பு உடையில், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு எங்கள் வழக்கப்படி மாட்டிறைச்சிச் சூப்பு போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே செல்போனில் விரலால் வரைந்து அனுப்பினேன். அன்று அதிக விருப்பம் வாங்கிய பின்னூட்டம் இது: "ஆழ்ந்த அனுதாபங்கள். அடுத்த வாரம் ரெண்டு பகுதியா வருமா?"

இந்த முறை எனக்குக் கை போய்விட்டது. வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. குச்சியால் ஒரு கிம்ச்சித் துண்டை எடுக்க முடியவில்லை. அடுத்த வார வியாழக்கிழமை ஆபரேஷன், அதன்பின் எட்டு வாரம் பேனாவைத் தொடக்கூடாது, தள்ளிப்போட்டால் கட்டைவிரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதையை வெளியிடுகிற கம்பெனியில் எட்டு வாரம் விடுப்பு கேட்டேன். முனகினார்கள். முதலில் மன்னிப்பு அறிவிப்பைப் போடுங்கள், வாசகர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் பார்ப்போம் என்றார்கள்.

கையால் முடியாததால் பழைய மண்டியிட்ட முள்ளங்கியையே எடுத்து, தேதியை மாற்றிப் போடச் சொல்லி பின்னாவிடம் கொடுத்தேன். ஓக் பின்னா மூன்று வருடமாக என் கதைக்கு வண்ணம் போடுகிறவள். எங்கள் படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும். எந்தத் தாள் தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்பதை திரையின் ஓரத்தில் இருக்கிற குட்டிக் கண் குறியை அழுத்தித் தீர்மானிப்போம். முந்நூறாவது பகுதிக் கொண்டாட்டத்துக்கு வரைந்த முள்ளங்கி அந்த மண்டியிட்ட முள்ளங்கிக்கு அடியில் ஒளிந்திருந்தது. பின்னா தவறான கண்ணை மூடிவிட்டாள். மண்டியிட்டதும், கண்ணீரும், "மன்னித்துவிடுங்கள்" என்ற எழுத்தும் மறைந்துபோயின. உலகம் பார்த்தது இதைத்தான்: இடுப்பில் கைவைத்த ஒரு முள்ளங்கி, கீழே என் பெயரோடு ஒரு வரி, "எட்டு வாரம் விடுப்பு. மா தல்லே."

பத்து மணிக்குள் பின்னூட்டங்கள் கொதித்தன. "என்ன திமிர்?" "முள்ளங்கி நம்மள முறைக்குதுடா." வாசகர் தருகிற மதிப்பெண், பத்துக்கு ஒன்பதரைக்கு மேல் இருந்தது, ஆறுக்குச் சரிந்தது. பின்னா போனில் அழுதாள். உடனே மாற்றிவிடுகிறேன் அக்கா என்றாள். நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் என்ன சொன்னாலும் சரி, ஏழு வருடத்தில் நான் வெளியிட்ட அறிவிப்புகளிலேயே அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

"மாத்தாத," என்றேன். "இருக்கட்டும்."

அந்த வாரச் சனிக்கிழமை குன்சானில் சித்திரக்கதை விழா. எங்கள் ஊர் விழா பெரிய விழா ஒன்றும் இல்லை. நூலகத்தின் இரண்டாம் மாடி, முப்பது மேசை, நாளெல்லாம் பயிற்சிப் பட்டறைகளும் பேச்சுகளும். நடத்துகிறவர் பியோ அக்கா. துறைமுகப் பக்கம் புத்தகக்கடை வைத்திருக்கிறார். என் நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. தலைப்பை ஆகஸ்டிலேயே முடிவு செய்து பேனர் அடித்துவிட்டார்கள்: "ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறாமல்: வாராந்தரக் கதைக்காரியின் ரகசியங்கள்." கையில் கட்டோடு அதன் அடியில் போய் நின்றேன். பியோ அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பேனரை மாத்த நேரமில்லடி. நீ மாறிக்கோ."

"மாறிட்டேன் அக்கா. அதான் பிரச்சனையே."

ஒன்றரை மணிக்கு, கம்பெனியில் என் கதையைக் கவனிக்கிற தாக் பி.டி. வந்தார். பதிப்பாசிரியர்களை நாங்கள் பி.டி. என்றுதான் அழைப்போம். சியோலிலிருந்து காலை பஸ் பிடித்து, கையில் வைட்டமின் பானப் பெட்டியோடு வந்திருந்தார். கெட்ட சேதி கொண்டுவருகிற யாரும் எங்கள் ஊரில் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மாடிப்படி ஓரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"கை எப்படி இருக்கு மேடம்?"

"கட்டு போட்டிருக்கு சார். பாத்தா தெரியலயா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு படம் போதும். தலைகீழ் வணக்கம் போட்டுடலாம்."

தலைகீழ் வணக்கம் என்பது மண்டியிடுவதற்கும் மேல். தலையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு கும்பிடுவது. தப்பு ரொம்பப் பெரிசு என்றால் அதைத்தான் வரைவார்கள்.

"நீங்க தொடக்கூட வேணாம். பின்னா வரைஞ்சுடட்டும். நாலு மணிக்குள்ள ஏத்திடுங்க. கீழ, 'ரெண்டு வாரத்துல வந்துடறேன்'னு ஒரு வரி."

"வர்ற வியாழக்கிழமைதான் ஆபரேஷன். ரெண்டு வாரத்துல தையல்தான் பிரிப்பாங்க."

"தள்ளிப் போடலாமே மேடம். இந்த சீசன் முடிய பதினெட்டு பகுதிதான இருக்கு."

"பதினெட்டு வாரம் ஆனா கட்டைவிரல் செத்துடும்னு டாக்டர் சொல்றாரு."

"டாக்டருங்க எப்பவும் அப்படித்தான் பயமுறுத்துவாங்க." குரலைத் தாழ்த்தினார். "நாலு மணிக்குள்ள படம் வரலன்னா உங்க செவ்வாய்க்கிழமை இடம் வேற ஆளுக்குப் போயிடும். இது நான் சொல்றதில்ல. மேல சொல்றாங்க."

"எப்பவும் மேலதான் சொல்றாங்க. அந்த மேல யாரு சார், மொட்டைமாடியில குடியிருக்காங்களா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே சிரிப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை என்பது ஏழு வருடமாக என் சோறு. பின்னாவின் சோறும் அதில்தான். அது போனால் கை சரியாகித் திரும்பி வரும்போது நிற்க இடம் இருக்காது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு படி மேலே இருந்தது.

இரண்டு மணிக்கு இருபத்துநாலு நாற்காலியும் நிறைந்துவிட்டன. கடைசி வரிசையில் தாக். பின்னா தாள்களையும் பென்சில்களையும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். நான் தயார் செய்து வந்த ரகசியங்களை எல்லாம் பையிலேயே விட்டுவிட்டேன்.

"பேனர்ல போட்டிருக்கறது பொய். நான் செவ்வாய்க்கிழமை தவறிட்டேன். அதனால இன்னிக்கு நாம வேற ஒண்ணு கத்துக்கப் போறோம். எல்லாரும் அவங்கவங்களுக்கு ஒரு விடுப்பு அறிவிப்பு வரையுங்க. உங்க வேலையிலேர்ந்து நீங்க லீவு எடுக்கறீங்க. அதை ஊருக்குச் சொல்ற படம். பத்து நிமிஷம்."

சிரித்துக்கொண்டே குனிந்து வரைந்தார்கள். பத்து நிமிடம் கழித்துத் தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்தேன். மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாக் தவிர மற்றவர்கள் தந்த இருபத்துமூன்று தாளில் இருபத்தொன்றில் ஆள் குனிந்திருந்தார். மண்டியிட்டவர்கள் ஒன்பது பேர். யாரும் சொல்லித்தராமலே அத்தனை கையும் தானாக அங்கே போயிருந்தது.

தோஃபு கடை வைத்திருக்கிற அம்மாளின் தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"ஏம்மா, எதுக்குக் குனிஞ்சிருக்கீங்க?"

"நான் மன்னிப்புனு எழுதலயே. சும்மா குனிஞ்சிருக்கேன்."

"சும்மா யாராவது குனிவாங்களா?"

"செருப்பு வார் அறுந்துடுச்சு, அதைப் பாக்கறேன்னு வெச்சுக்குங்க."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர். வண்டி திரும்புகிற இடத்தில் நின்று என் கதையைப் படிப்பவராம். அவர் ஆளையே வரையவில்லை; பஸ்ஸை வரைந்து முன்கண்ணாடியில் இரண்டு சொட்டுக் கண்ணீர் போட்டிருந்தார்.

"பஸ்ஸால குனிய முடியாதுங்களே," என்றார் வருத்தமாக.

தாள்களைத் திரும்பக் கொடுத்தேன். "தாளைத் திருப்புங்க எல்லாரும்," என்றேன். "மறுபடி வரையுங்க. கழுத்து நேரா இருக்கணும். கண்ணீர் கிடையாது. உங்க பேரு, எத்தனை நாளுன்னு ஒரு எண். அவ்வளவுதான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நேராக நிற்கிற ஒரு மனுஷரை வரைவது இவ்வளவு கஷ்டமா என்று நினைக்கும் அளவுக்கு அழிக்கிற சத்தம்தான் கேட்டது. முன்வரிசையில் ஒரு நர்ஸ் கையைத் தூக்கினாள்.

"காரணம் போடணுமா?"

"வேணாம்."

"காரணம் போடாம லீவா?"

"ஆமா."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு தன்னை நேராக நிற்கவைத்து வரைந்து, கீழே "மூன்று நாள்" என்று எழுதினாள். எழுதியதை நம்ப முடியாதவள்போல் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றரைக்குக் கேள்வி நேரம். முதலில் எழுந்தவர் தாக். தன் தாளில் அவர் ஒன்றும் வரைந்திருக்கவில்லை. மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கி வைத்திருந்தார்.

"நானும் ஒரு வாசகனா கேக்கறேன். ஆயிரக்கணக்கான பேர் செவ்வாய்க்கிழமை காலையில உங்களுக்காகக் காத்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா மேடம்?"

நல்ல கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பதினொரு முறை மண்டியிட்டேன்.

"வேணும் சார். என் மரியாதை முந்நூத்திப் பதினெட்டு பகுதியில இருக்கு. ஒவ்வொண்ணுலயும் எழுபது கட்டம். ஒண்ணுலகூட ஏமாத்தினது கிடையாது. கதை சரியில்லன்னா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா கை வலிக்கறதுக்கு நான் யாருகிட்ட மன்னிப்பு கேக்கணும்? கைகிட்டதான் கேக்கணும்."

"எட்டு வாரம் என்னங்க எட்டு வாரம்," என்றார் ஓட்டுநர். "நான் காத்திருப்பேன்."

"நான் காத்திருக்க மாட்டேன்," என்றான் ஜன்னலோரம் இருந்த ஒரு கல்லூரிப் பையன். "வேற கதைக்குப் போயிடுவேன். உள்ளதைச் சொல்றேன்."

"போ. அது உன் இஷ்டம்," என்றேன். "நான் திரும்பி வரும்போது கதை நல்லா இருந்தா வா. அதுக்காக இப்ப நான் குனிய மாட்டேன்."

தாக் நின்றுகொண்டே இருந்தார்.

"அப்போ நாலு மணிக்குப் படம் வராது?"

"வராது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"ஏழு வருஷமா அதைத்தான் யோசிக்கறேன். தலைகீழாவும் வராது, நேராவும் வராது. செவ்வாய்க்கிழமை போட்ட படம் அங்கயே நிக்கும்."

யாரோ ஒருவர் கைதட்டினார், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். தாக் தலையை ஆட்டிக்கொண்டார். கூட்டம் கலையத் தொடங்கியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

தாக் வாசலுக்குப் போகவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பின்னாவிடம் போனார். நான் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன், பேசியதெல்லாம் கேட்டது.

"பின்னா, உன் கதையை ரெண்டு வருஷமா எங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கியே, அதுல எத்தனை பகுதி தயாரா இருக்கு?"

"ஆறு சார்."

"செவ்வாய்க்கிழமை உனக்குத் தரேன். அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம். உன் பேரு, உன் கதை."

இப்படி ஒன்று வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்று சொல்லியே இரண்டு வருடம் அவளை அலைக்கழித்தவர்கள். காலியாகப்போவது என் இடம்தானே. அவள் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படி ஆசைப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரிந்தது.

பின்னா கையில் இருந்த பென்சில் கரியைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகத் துடைத்தாள்.

"லீவு எத்தனை வாரம் சார்?"

"என்னது?"

"ஒப்பந்தத்துல. வருஷத்துக்கு எத்தனை வாரம் லீவு? கைக்கு ஏதாவது ஆனா எத்தனை வாரம்?"

"முதல்ல ஆரம்பிம்மா. நாலு பேருக்கு உன் பேரு தெரியட்டும். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"பேரு தெரிஞ்ச ஆளுதான் சார் அங்க நிக்கறாங்க," என்று என் கட்டைக் காட்டினாள். "எழுத்துல போட்டுக் குடுங்க. மண்டி போடற படம் கேக்கமாட்டோம்னும் ஒரு வரி வேணும்."

"அப்படி இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல."

"அப்போ போட்டப்புறம் கூப்பிடுங்க."

தாக் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பானப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று இறங்கிப் போனார். நூலகத்துக் கடிகாரத்தில் நாலு மணி தாண்டியிருந்தது. என் செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

நான் ஓடிப்போய் இடது கையால் பின்னாவைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பக்கம் நின்னுட்டியேடி!"

அவள் உதறிவிட்டாள்.

"தேங்க்ஸ் கீங்க்ஸ் சொல்லாதீங்க அக்கா, எரிச்சலா வருது. ரெண்டு வருஷம் காத்திருந்தது இது. அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்? நான் ஒண்ணும் உங்க பக்கம் நிக்கல. என் கை பக்கம் நிக்கறேன்."

ஸ்வெட்டர் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் அடி வரைக்கும் வலிக்கு ஒட்டுகிற பட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று.

"எப்பலேர்ந்து?"

"மார்ச்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

எனக்குச் செவிட்டில் அறைந்தது மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுபது கட்டத்தையும் அவளுக்கு அனுப்பி, திங்கள் மத்தியானத்துக்குள் வேண்டும் என்று சொன்னவள் நான்தான். அவளுக்கு மேலே இருந்தது தாக் இல்லை.

"அந்த எட்டு வாரம் எனக்கும் லீவு," என்றாள் பின்னா. "சம்பளத்தோட."

'முதல்ல என் கை சரியாகட்டும், அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாருடைய வார்த்தை அது என்று எனக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கிருந்து கொடுக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"சரி," என்றேன்.

"எழுத்துல."

மிச்சமிருந்த ஒரு தாளை எடுத்து இடது கையால் எழுதினேன். கோழி கிளறினது மாதிரி வந்தது. பின்னா இரண்டு முறை படித்தாள். தேதி போடச் சொன்னாள், போட்டேன். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலிகளை அடுக்கப் போனாள்.